ஒரு சுங்கக் குறியீட்டில் தொடங்கும் வேலை: பொருளாதாரப் பாதுகாப்பு ஆய்வுப் பயிற்சியில் என்ன நடக்கிறது?

காலியம் என்ற உலோகத்தை ஒரு நாடு யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது? பொருளாதாரப் பாதுகாப்பு, தொழில்நுட்பக் கொள்கை ஆய்வில் பயிற்சிக்குச் சேர்பவர் கையில் முதல் வாரத்திலேயே வந்து விழக்கூடிய கேள்வி இது. அரை மணி நேர வேலை போலத் தெரியும். ஐ.நா.வின் பன்னாட்டு வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேட்டில் சுங்கக் குறியீட்டைக் கொடுத்து, நாட்டைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்துவிடும். ஆனால் அது காலியத்தின் பட்டியலாக இருக்காது. உலக நாடுகளுக்குப் பொதுவான ஆறு இலக்க ஹெச்.எஸ். குறியீட்டில் 8112.92 என்ற ஒரே வரியில் காலியம், ஜெர்மானியம், இண்டியம், நியோபியம், வனேடியம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. காலியத்தை மட்டும் பிரித்தெடுக்க அந்தந்த நாட்டின் எட்டு அல்லது பத்து இலக்கக் குறியீட்டுக்குப் போக வேண்டும். ஆறு இலக்கத்துக்குப் பிறகு வரும் எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகள் காலியத்துக்குத் தனி வரியே வைத்திருக்காது. அரை மணி நேர வேலை மூன்று நாள் ஆவது இப்படித்தான்.

வல்லரசுப் போட்டி, விநியோகச் சங்கிலி, தொழில்நுட்ப இறையாண்மை என்று பெரிய சொற்கள் புழங்கும் துறை இது. அந்தச் சொற்களெல்லாம் கடைசியில் ஒரு சுங்கக் குறியீட்டின் மேலோ, ஒரு விதியின் அடிக்குறிப்பின் மேலோ, ஒரு வரம்பு எண்ணின் மேலோதான் நிற்கின்றன. பயிற்சி ஆய்வாளரை உட்கார வைக்கும் இடமும் அதுவே. அவர் ஒரு வரியைத் தவறாகப் படித்தால், அந்தத் தவறு மூத்த ஆய்வாளரின் அறிக்கைக்கு ஏறி, அங்கிருந்து நாடாளுமன்றக் குழுவின் கேள்விவரை போய்விடும். ஆகவே இந்தப் பயிற்சியைச் சான்றிதழுக்கான மூன்று மாதம் என்று நினைப்பது சரியில்லை.

துறை உருவான கதை

வணிகத்தை ஆயுதமாக்குவது பழைய பழக்கம். பனிப்போரில் சோவியத் அணிக்கு உயர் தொழில்நுட்பம் போகாமல் தடுக்க மேற்கு நாடுகள் நடத்திய கோகாம் ஏற்பாடு 1994 வரை இருந்தது. அதன் இடத்துக்கு 1996-இல் வாசெனார் ஏற்பாடு வந்தது. அதில் 42 நாடுகள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்க எல்லா உறுப்பினர்களும் ஒப்ப வேண்டும். ரஷ்யாவும் உறுப்பினர் என்பதால் 2022-க்குப் பிறகு அங்கே புதிதாக எதையும் முடிவு செய்வது கடினமாகிவிட்டது. சிறு குழுக்களாக நாடுகள் தங்களுக்குள் பேசி, தனித்தனியே விதி போடத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு திருப்பம் 2010-இல் நேர்ந்தது. அந்தச் செப்டம்பரில், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகும் ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களும் மோதிக்கொண்ட பின், ஜப்பானுக்கு வந்துகொண்டிருந்த அரிய மண் தனிமங்களின் வரத்து தடைப்பட்டது. அப்போது ஜப்பான் தன் தேவையில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குச் சீனாவையே நம்பியிருந்தது. அடுத்த ஆண்டு ஜப்பான் அரசின் ஜோக்மெக் அமைப்பும் சோஜிட்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்தன. சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில், சுத்திகரிப்பு மலேசியாவின் குவாந்தானில். பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டு ஜப்பான் அந்தச் சார்பை 60 சதவீத அளவுக்குக் குறைத்தது.

இந்த 60 என்ற எண்ணும் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய ஒன்று. அரிய மண் தனிமங்களில் இலேசானவை உண்டு, கனமானவை உண்டு. நியோடிமியம் போன்ற இலேசானவற்றில் ஜப்பானுக்கு மாற்று வழி கிடைத்தது. மின் வாகன மோட்டாரின் காந்தம் வெப்பத்தில் வலுவிழக்காமல் இருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனமானவற்றில் அப்படி எளிதாகக் கிடைக்கவில்லை. லைனாஸ் மலேசியாவில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 2025 மே மாதத்தில்தான். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 4-இல், சீனா உரிமக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்த ஏழு தனிமங்களில் இவ்விரண்டும் இருந்தன. சராசரி சார்பு குறைந்தாலும் குடுமி இன்னும் அடுத்தவர் கையில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இதற்கிடையே நாடுகள் இத்துறைக்குத் தனிச் சட்டம், தனி அமைச்சர் என்று போயின. ஜப்பான் 2021-இல் பொருளாதாரப் பாதுகாப்புக்கென அமைச்சரை நியமித்து, 2022 மே மாதத்தில் சட்டமே இயற்றியது. உள்நாட்டுச் சிப் உற்பத்தியை ஊக்குவிக்கும் அமெரிக்காவின் சிப்ஸ் சட்டம் 2022 ஆகஸ்டில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜூனில் தன் பொருளாதாரப் பாதுகாப்பு உத்தியை வெளியிட்டது. ஒன்றியத்தின் முக்கிய மூலப்பொருள் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தின் ஆண்டுத் தேவையில் எந்தவொரு உத்திசார் மூலப்பொருளும் 2030-க்குள் ஒரே வெளிநாட்டிலிருந்து 65 சதவீதத்துக்கு மேல் வரக்கூடாது என்பது அதன் இலக்குகளில் ஒன்று. இவ்வளவு சட்டங்களையும் படித்து, ஒப்பிட்டு, எங்கே ஓட்டை என்று பார்க்க ஆள் தேவைப்பட்டபோதுதான் கொள்கை ஆய்வு நிறுவனங்களில் இதற்கென்று பிரிவுகள் பெருகின. பயிற்சி இடங்களும் கூடவே வந்தன.

விதியைப் படிப்பது

இந்தப் பயிற்சியில் கற்க வேண்டிய திறன்களில் முதல் இடம் அரசாணையை மூல வடிவில் படிப்பதற்கு. செய்தியைப் படித்துவிட்டு எழுதினால் எங்கே சறுக்கும் என்பதைச் சீனாவுக்கான சிப் ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்த கட்டுப்பாட்டை வைத்தே பார்க்கலாம்.

2022 அக்டோபர் 7-இல் வந்த விதி இரண்டு வரம்புகளை வைத்தது. ஒரு சிப்பின் கணக்கிடும் திறன் 4800 அலகைத் தொட வேண்டும். கூடவே மற்ற சிப்புகளோடு தரவு பரிமாறும் வேகம் நொடிக்கு 600 கிகாபைட் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உரிமம் கட்டாயம். அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் ஏ100 சிப் இரண்டையும் தாண்டியது. அதே சிப்பில் பரிமாற்ற வேகத்தை மட்டும் 400 ஆகக் குறைத்து ஏ800 என்ற பெயரில் சீனச் சந்தைக்கு விட்டார்கள். விதியை மீறவில்லை, கணக்கிடும் திறனும் குறையவில்லை. 2023 அக்டோபரில் பரிமாற்ற வேக நிபந்தனை நீக்கப்பட்டது. மொத்தச் செயல்திறனும், அதைச் சிப்பின் பரப்பளவால் வகுத்து வரும் செயல்திறன் அடர்த்தியும் அளவுகோல்கள் ஆயின.

இந்தக் கணக்கைப் பயிற்சி ஆய்வாளர் தானே போட்டுப் பார்க்க வேண்டும். ஏ100 சிப் 16 பிட் கணக்கில் நொடிக்கு 312 லட்சம் கோடி செயல்கள் செய்யும். விதியின் அளவு, இந்த வேகத்தைப் பிட் எண்ணால் பெருக்கி வருவது. 312-ஐ 16 ஆல் பெருக்கினால் 4992. வரம்பு 4800, ஆகவே மாட்டிக்கொள்கிறது. ஏ800-க்கும் அதே 4992 என்பதால், பரிமாற்ற வேக நிபந்தனை இல்லாத 2023 விதியில் அதுவும் மாட்டுகிறது. அடுத்து வந்த ஹெச்20-க்கு 148-ஐ 16 ஆல் பெருக்கினால் 2368. புதிய விதியில் கீழ்நிலை வரம்புகளில் ஒன்று 2400. அதற்கு 32 குறைவு! யார் எதைப் பார்த்து வடிவமைத்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. நிறுவனத்தின் விவரத் தாளில், பூச்சியங்களைத் தவிர்த்துவிட்டுக் கணக்கிடும் முறையில் கிடைக்கும் வேகத்தையும் அச்சிட்டிருப்பார்கள். ஏ100-க்கு அது 624. அதை எடுத்துப் பெருக்கினால் விடை இரட்டிப்பாகிவிடும். விதியோ அத்தகைய சலுகை இல்லாத எண்ணைத்தான் கேட்கிறது. அது தொழில்நுட்பக் குறிப்பில் ஒரே வரியில் இருக்கிறது. இன்னொன்று, பெருக்கலும் கூட்டலும் சேர்ந்த ஒரு செயலை விவரத் தாள் ஏற்கெனவே இரண்டாக எண்ணியிருக்கும். விதியின் சூத்திரத்தில் உள்ள 2-ஐப் பார்த்து மறுபடியும் இரண்டால் பெருக்குபவர்கள் உண்டு. எக்செல் தாளில் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்தால் இரண்டு பிழைகளையும் அடுத்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

இவ்வளவு படித்த பிறகும் ஒன்று நழுவும். 2025 ஏப்ரலில் ஹெச்20-க்கும் உரிமம் தேவை என்று அமெரிக்க அரசு என்விடியாவுக்குத் தெரிவித்தது. அது அரசிதழில் வெளியான பொது விதியாக வரவில்லை, நிறுவனத்துக்கு நேரடியாகப் போன அறிவிப்பு. வெளியுலகுக்குத் தெரிந்தது என்விடியா பங்குச் சந்தை ஆணையத்தில் தாக்கல் செய்த ஆவணத்தின் வழியாக. 550 கோடி டாலர் வரை இழப்பு எழுத வேண்டியிருக்கும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அரசிதழை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தவர் கண்ணில் இது பட்டிருக்காது. ஆகவே நிறுவனங்களின் தாக்கல்களும் தினசரி வாசிப்பில் இருக்க வேண்டும்.

தடையா, உரிமமா?

செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றன. ஆய்வில் அது பெரிய பிழை. 2023 ஜூலை 3-இல் சீனா காலியம், ஜெர்மானியம் இரண்டுக்கும் அறிவித்தது உரிமக் கட்டுப்பாடு, ஆகஸ்ட் 1 முதல் அமல். ஆகஸ்ட் மாதச் சுங்கத் தரவில் இரண்டின் ஏற்றுமதியும் பூச்சியம். விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருந்த மாதம் அது. உரிமங்கள் கிடைக்கத் தொடங்கியதும் ஏற்றுமதி திரும்ப வந்தது. ஆகஸ்ட் எண்ணை மட்டும் பார்த்தால் முழுத் தடை என்று தோன்றும். அமெரிக்காவுக்கு உண்மையான தடை 2024 டிசம்பர் 3-இல்தான் வந்தது. ஒரு விதிக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஆறாறு மாதத் தரவையாவது பார்க்காமல் விளைவு என்று எதையும் எழுதக்கூடாது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே வாங்குபவர்கள் இருப்பு சேர்ப்பார்கள், அந்த வீக்கமும் தரவில் ஏறியிருக்கும்.

பயிற்சி ஆய்வாளரின் அன்றாட வேலையான விதிப் பட்டியலில் தேதிக்கு நான்கு நெடுவரிசைகள் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்: அறிவித்த நாள், அரசிதழில் வந்த நாள், அமலுக்கு வந்த நாள், நிறுத்தி வைத்த அல்லது நீக்கிய நாள். கடைசி நெடுவரிசையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கா 2025 செப்டம்பர் 29-இல், தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் துணை நிறுவனங்களுக்கும் அதே கட்டுப்பாடு என்று விதி கொண்டுவந்தது. நவம்பர் 10-இல் அதை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. சீனா அக்டோபர் 9-இல் அறிவித்த விரிவான அரிய மண் கட்டுப்பாடுகளும் அதே நவம்பரில் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டன. அக்டோபரில் எழுதிய பட்டியலை அப்படியே வைத்திருந்தவர் இரண்டையும் தவறாகவே சொல்லிக்கொண்டிருப்பார்.

வணிகத் தரவில் உள்ள குழிகள்

ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கும் எதிர் நாட்டின் இறக்குமதிக் கணக்கும் ஒத்துப்போகாது. ஏற்றுமதியைத் துறைமுக விலையிலும், இறக்குமதியைக் கப்பல் கட்டணம், காப்பீடு சேர்த்தும் எழுதுவது பொது வழக்கம். ஆகவே சில சதவீத வேறுபாடு இயல்பு. பல மடங்கு வேறுபாடு இருந்தால் நடுவில் வேறொரு துறைமுகம் இருக்கிறது என்று பொருள். ஹாங்காங், சிங்கப்பூர், நெதர்லாந்து ஆகியவற்றின் எண்களைப் பார்க்கும்போது மறு ஏற்றுமதியைத் தனியே கழித்துப் பார்ப்பது கட்டாயம். தடை வந்த பிறகு புதிய நாடு ஒன்றின் பெயர் பட்டியலில் திடீரென ஏறினால், அங்கே சுரங்கமோ ஆலையோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்டிமனி என்ற தனிமத்தை அமெரிக்காவுக்கு அனுப்பச் சீனா விதித்த தடைக்குப் பிறகு தாய்லாந்து, மெக்சிகோ வழியாக வரத்து எகிறியபோது எழுந்த கேள்வியும் இதுவே.

மதிப்பை எடையால் வகுத்துக் கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்கும் பழக்கம் பல பிழைகளைத் தடுக்கும். கிலோ விலை ஒரு மாதத்தில் மட்டும் பத்து மடங்கு போனால், பெரும்பாலும் யாரோ டன்னையும் கிலோவையும் குழப்பியிருப்பார்கள், அல்லது குறியீட்டுக்குள் வேறு பொருள் நுழைந்திருக்கும். நிரந்தரக் காந்தத்துக்கான 8505.11 இதற்குப் பேர்போனது. உலோகக் காந்தங்கள் எல்லாம் அதில் ஒன்றாக இருக்கும். விலை உயர்ந்த சமேரியம்-கோபால்ட்டும் வரும், நியோடிமியமும் வரும், பழைய அல்நிகோவும் வரும்.

சார்பை ஒரே எண்ணில் சொல்ல எச்.எச்.ஐ. என்ற குவிப்புக் குறியீட்டைக் கேட்பார்கள். விற்பவர்களின் சதவீதப் பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் முடிந்தது. 70, 20, 10 என்றால் 4900, 400, 100, மொத்தம் 5400. ஒரே விற்பனையாளர் என்றால் 10,000. கணக்கு எளிது, பொருள் கொள்வதுதான் கடினம். மூன்று நாடுகளும் ஒரே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வாங்கி விற்றால் உண்மையான குவிப்பு 10,000-க்குப் பக்கத்தில் இருக்கும். இறக்குமதித் தரவு ஒரு படியை மட்டுமே காட்டும். சங்கிலி எங்கே ஒற்றை இழையாகிறது என்பதை அது சொல்லாது.

2025 இலையுதிர் காலத்தில் நெக்ஸ்பீரியா விவகாரம் இதை எல்லோருக்கும் காட்டியது. நெதர்லாந்தைச் சேர்ந்த, சீன நிறுவனமான விங்டெக்குக்குச் சொந்தமான சிப் நிறுவனம் அது. டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற மலிவான உறுப்புகளைச் செய்வது. செப்டம்பர் 30-இல் டச்சு அரசு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்து நிர்வாகத்தில் தலையிட்டது. அக்டோபர் 4-இல் சீனா அந்த நிறுவனத்தின் சீன ஆலைகளிலிருந்து ஏற்றுமதியைத் தடுத்தது. சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தகடுகளான வேஃபர்கள் ஐரோப்பாவில் தயாரானாலும், அவற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் கடைசிக் கட்டப் பொதியிடல் சீனாவில் நடந்தது. வாகன நிறுவனங்கள் உற்பத்தி நின்றுபோகும் என்று அலறின. நவம்பர் 19-இல் டச்சு அரசு தன் ஆணையை நிறுத்தி வைத்தது. ஐரோப்பிய சிப், ஐரோப்பிய வாடிக்கையாளர், ஆனால் நடுப்படி வேறு நாட்டில். அதிநவீன சிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்த பல ஆய்வுகள் இந்த மலிவு உறுப்புகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

குறிப்பும் கூட்டமும்

பயிற்சியில் எழுதுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பு. முதல் பத்தியில் விடை இருக்க வேண்டும். அடுத்து அந்த விடை எதன் மேல் நிற்கிறது, எங்கே ஆட்டம் காணும், என்ன தெரிந்தால் மாறும் என்பவை. கல்லூரிக் கட்டுரைப் பழக்கத்தில் வரலாற்றிலிருந்து தொடங்கி விடையைக் கடைசிப் பக்கத்தில் வைப்பவர்களின் குறிப்பு படிக்கப்படாமலே போகும். ‘ஆதிக்கம் செலுத்துகிறது’, ‘பெருமளவு சார்ந்துள்ளது’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் எண்ணும் ஆண்டும் இல்லையென்றால் மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போடுவார். எந்தப் படியில் ஆதிக்கம் என்பதும் வேண்டும். சுரங்கத்திலா, சுத்திகரிப்பிலா, காந்தத் தயாரிப்பிலா? மூன்றுக்கும் சதவீதம் வேறு வேறு.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைச் சுருக்கத்துக்குப் பயன்படுத்தினால், விதி எண்ணையும் தேதியையும் மூல ஆவணத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இல்லாத அரசிதழ்ப் பக்கத்தை அவை நம்பும்படி எழுதித் தருகின்றன.

மூடிய அறைக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலையும் வரும். அங்கே பெரும்பாலும் சேட்டம் ஹவுஸ் விதி இருக்கும். கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது. ‘டச்சு சிப் இயந்திர நிறுவனத்தின் அதிகாரி’ என்று எழுதினால் பெயரைச் சொன்ன மாதிரியேதான். கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகும் நிறுவனங்களே சில சமயம் ஆய்வு நிறுவனங்களுக்கு நிதி தருகின்றன. சேருமுன் அந்த நிறுவனம் தன் நன்கொடையாளர் பட்டியலை வெளியிடுகிறதா என்று பார்ப்பது நல்லது. பட்டியலே இல்லையென்றால் எதிர்ப்பக்கம் நின்று கேள்வி கேட்கும் சுதந்திரம் எவ்வளவு என்று நேர்காணலிலேயே கேட்கலாம்.

விண்ணப்பத்தில் பார்ப்பது

வழக்கமாகக் கேட்பது சுயவிவரம், ஒரு பக்கக் கடிதம், சில பக்க எழுத்து மாதிரி. இவற்றில் எழுத்து மாதிரிக்குத்தான் எடை அதிகம். நாற்பது பக்க ஆய்வேட்டிலிருந்து நடுவில் ஐந்து பக்கத்தைக் கத்தரித்து அனுப்புவது வேலைக்காகாது. ஒரே ஒரு விதி, ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு கேள்வி என்று புதிதாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் அது பேசும். சட்டம், பொருளாதாரம், பொறியியல் எதைப் படித்தவரும் வரலாம். பொறியியல் படித்தவர் விதியின் தொழில்நுட்பக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அவருக்கு இங்கே உண்மையிலேயே இடம் இருக்கிறது, ஆனால் அவர்கள்தான் தயங்குகிறார்கள். சீனம், ஜப்பானியம், கொரியம், டச்சு ஆகியவற்றில் ஒன்றை அரசாணை படிக்கும் அளவுக்கு அறிந்திருந்தால் வரிசையில் முன்னே வந்துவிடலாம். வெளிநாட்டு நிறுவனம் என்றால் விசா, வேலை அனுமதி யார் பொறுப்பு என்பதையும், உதவித்தொகை உண்டா என்பதையும் அறிவிப்பில் தேடி, இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

கிளம்பும் வாரத்தில் ஒப்படைக்கும் கோப்புறையில் மூன்று இருந்தால் போதும். கை வைக்காத மூலத் தரவு, அதிலிருந்து கணக்குப் போட்ட தாள், ஒரு பக்க விளக்கம். மூலத் தரவின் கோப்புப் பெயரிலேயே இறக்கிய நாளை எழுதிவிட வேண்டும். காம்ட்ரேட் எண்களை நாடுகள் பின்னால் திருத்துகின்றன. ஆறு மாதம் கழித்து அதே குறியீட்டைக் கொடுத்து எடுக்கும் அடுத்த பயிற்சி ஆய்வாளருக்கு வேறு எண் வந்தால், தவறு யாருடையது என்று குழம்பாமல் தேதியைப் பார்த்து வேலையைத் தொடர்வார்.